வில்லிசைக் குழு

வில்லிசைக் குழு அல்லது வில்லுப்பாட்டுக் குழு என்பது வில்லை முதன்மை இசைக்கருவியாகக் கொண்டு, கதைப்பாடல்களைப் பாடியும் உரைநடையில் விளக்கியும் நிகழ்த்தும் கலைஞர்களின் குழு ஆகும். தமிழ்நாட்டின் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் விருதுநகர் மாவட்டத்தின் சில பகுதிகளிலும் இக்குழுக்கள் செயற்படுகின்றன. கேரளத்தின் தென்பகுதியிலும் இக்கலை உண்டு. நாட்டுப்புறத் தெய்வக் கோயில்களின் கொடை விழாக்களே இக்குழுக்களின் முதன்மையான மேடையாகும். சங்கரன்கோவில், தென்காசி வட்டாரங்களில் கொடைப் பருவம் தொடங்கும் முன்னரே எந்த ஊருக்கு எந்தக் குழு வருகிறது என்பது பேச்சாகிவிடும்.

திரைப்படத் துறையையோ இசைத்தட்டு நிறுவனங்களையோ சாராமல், நேரடி நிகழ்ச்சிகளால் மட்டுமே வாழும் இசைக்குழு என்னும் வகையில் வில்லிசைக் குழு தனித்தன்மை கொண்டது. இதற்கு விளம்பரம் குறைவு. ஓர் ஊரில் ஓர் இரவு பாடியதைக் கேட்டவர்கள் பிறகு என்ன பேசுகிறார்கள் என்பதே அடுத்த ஆண்டு அக்குழுவிற்குக் கிடைக்கும் வாய்ப்புகளைப் பெரிதும் முடிவு செய்கிறது. எனவே, இக்கலையின் வரலாற்றில் பாடியவர்களுக்கு உள்ள அதே அளவு இடம் கேட்டவர்களுக்கும் உண்டு.

பெயர்

இக்கலை மக்கள் வழக்கில் "வில்லுப்பாட்டு", "வில்லு", "வில்லடி" என்று அழைக்கப்படுகிறது. "இந்த வருசம் நம்ம கோயிலுக்கு வில்லு உண்டா?" என்று கேட்பது தென்மாவட்டப் பேச்சு வழக்கு. "வில்லிசை" என்னும் சொல் மேடை, வானொலி, அழைப்பிதழ் ஆகியவற்றில் மிகுதியாகப் பயன்படுகிறது. கேரளத்தில் "வில்லடிச்சாம்பாட்டு" என்னும் பெயரும் வழங்குகிறது.

வேட்டைக்குச் சென்றவர்கள் ஓய்வு நேரத்தில் வில்லின் நாணைத் தட்டிப் பாடியதிலிருந்து இக்கலை தோன்றியது என்பது கலைஞர்களிடையே வழங்கும் தோற்றக் கதையாகும்.

குழுவின் அமைப்பு

ஒரு குழுவில் பொதுவாக ஐந்து முதல் எட்டுப் பேர் வரை இருப்பர். தலைமைப் பாடகர் "அண்ணாவி" அல்லது "புலவர்" எனப்படுவார். வில்லின் நடுவில் அமர்ந்து, இரு கைகளிலும் வீசுகோல் கொண்டு நாணை அடித்தபடி கதையை நடத்திச் செல்பவர் இவரே. மற்றவர்கள் வலப்புறமும் இடப்புறமுமாகப் பிரிந்து அமர்வர். வலப்புறத்தார் "வலம்பாடிகள்" எனவும் இடப்புறத்தார் "இடம்பாடிகள்" எனவும் அழைக்கப்படுவர். தலைவர் பாடிய அடியைத் திருப்பிப் பாடுதல், இடையிடையே "ஆமாம்" என்று ஏற்றல், கேட்போரின் ஐயத்தைத் தாமே கேள்வியாக எழுப்புதல் ஆகியவை இவர்களின் பணி. இந்தக் கேள்வியும் பதிலும் கதையை நகர்த்துவதுடன், நள்ளிரவில் கேட்போர் உறங்காமல் இருக்கவும் உதவுகின்றன.

தொடக்கத்தில் ஆண்களே தலைமைப் பாடகர்களாக இருந்தனர். இருபதாம் நூற்றாண்டில் பெண்களும் தலைமை ஏற்றுப் பாடத் தொடங்கினர். கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த பூங்கனி இவர்களுள் குறிப்பிடத்தக்கவர். பல பத்தாண்டுகள் கொடை விழாக்களில் பாடிய இவர் 2018 ஆம் ஆண்டு காலமானார். பின்னாளில் பெண்கள் தலைமையேற்கும் குழுக்கள் பெருகின. கல்லூரியில் படித்துக்கொண்டே விழாக் காலத்தில் பாடும் இளம் பெண்களும் இவர்களுள் உண்டு.

இசைக்கருவிகள்

வில்: வைரம் பாய்ந்த பனை போன்ற உறுதியான மரத்தால் செய்யப்படுவது. ஓர் ஆளைவிட நீளமானது. தோல் நாண் பூட்டப்பட்டு, வில்லின் உடலில் வெண்கல மணிகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். நாணை அடிக்கும்போது அதிர்வு மணிகளுக்குப் பரவி அவை ஒன்றாக ஒலிக்கும்.

வீசுகோல்: நாணை அடிக்கப் பயன்படும் இரு மெல்லிய கோல்கள். இவற்றிலும் சிறு மணிகள் இருக்கும். பாட்டின் விறுவிறுப்பு ஏறும்போது அண்ணாவி கோலை உயர வீசிப் பிடிப்பது கேட்போரைக் கவரும்.

குடம்: வில்லின் நடுப்பகுதியுடன் சேர்த்துக் கட்டப்படும் மண் குடம். ஒரு கையால் அதன் வாயைத் தட்டையான பத்தியால் அடித்தும், மறு கையால் உடலைத் தட்டியும் இசைப்பர். காற்று உள்ளே அடைபட்டு எழும் ஆழ்ந்த ஒலியும், மண்ணில் எழும் கூர்மையான ஒலியும் மாறி மாறிக் கேட்கும்.

உடுக்கு: இடை சிறுத்த தோற்கருவி. நடுவிலுள்ள கயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் சுருதியை ஏற்றி இறக்கலாம்.

தாளம், கட்டை: காலத்தைப் பிடித்துக் கொடுப்பவை. கட்டை என்பது ஒன்றோடொன்று தட்டி ஒலிக்கும் மரத்துண்டுகள்.

ஆர்மோனியம், தபேலா போன்றவை பின்னர் சேர்ந்தன. பல குழுக்கள் மின்னணு விசைப்பலகையையும் பயன்படுத்துகின்றன. வில்லும் குடமும் இல்லாத நிகழ்ச்சியை மட்டும் யாரும் வில்லுப்பாட்டு என ஏற்பதில்லை.

கொடை விழாவும் நிகழ்ச்சி முறையும்

கொடை என்பது சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன், காளியம்மன் போன்ற தெய்வங்களுக்கு ஊராரோ ஒரு குடும்பத்தாரோ எடுக்கும் விழா ஆகும். பெரும்பாலும் செவ்வாய் அல்லது வெள்ளிக்கிழமையை முதன்மை நாளாகக் கொண்டு மூன்று நாள்கள் நடைபெறும். முதல் நாள் இரவு தெய்வத்தை அழைக்கும் குடியழைப்பு. இரண்டாம் நாள் நண்பகலில் உச்சிக்கொடையும் நள்ளிரவில் சாமக்கொடையும் நடக்கும். மூன்றாம் நாள் படைப்பு, மஞ்சள் நீராட்டு ஆகியவற்றுடன் விழா நிறைவு பெறும்.

வில்லிசைக் குழு கோயிலுக்கு எதிரே உள்ள பந்தலில் தெய்வத்தை நோக்கி அமர்ந்து பாடும். கேட்போர் இரு புறங்களிலும் பின்னாலும் அமர்வர். முதற்கண் தெய்வம் கேட்பதற்காகவே பாடப்படுகிறது என்பது இந்த அமைப்பின் பொருள்.

நிகழ்ச்சி பின்வரும் முறையில் அமையும்.

1. காப்பு: பிள்ளையாரையும் பிற தெய்வங்களையும் வாழ்த்துதல்.
2. வருபொருள் உரைத்தல்: பாடப்போகும் கதையை அறிவித்தல்.
3. குருவடி பாடுதல்: ஆசிரியரை வணங்குதல்.
4. அவையடக்கம்: பிழை பொறுக்குமாறு அவையோரை வேண்டுதல்.
5. நாட்டு வளம்: கதை நிகழும் நாட்டின் சிறப்பு.
6. கதை: பாட்டும் உரையுமாகக் கதையை விரித்தல்.
7. வாழி: தெய்வத்தையும் ஊரையும் விழா எடுத்தோரையும் வாழ்த்தி முடித்தல்.

கதையின் உச்சக் கட்டம் சாமக்கொடையின் வேளையுடன் பொருந்துமாறு அண்ணாவி நேரத்தைக் கணக்கிட்டுப் பாட வேண்டும். அவ்வேளையில் வில்லின் நடை விரைவுபடும். குடம், உடுக்கு ஆகியவற்றின் ஒலி உயரும். சாமியாடிகள் அருள் வந்து ஆடுவர். ஆட்டம் தணியும் வரை பாட்டை நீட்டுவதும், தணிந்த பின் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வதும் அண்ணாவியின் பொறுப்பு. எனவே ஒரே கதையை ஒரே குழு இரு ஊர்களில் பாடினாலும் அவை ஒன்றுபோல் இருப்பதில்லை.

பல கொடைகளில் வில்லுப்பாட்டுடன் நையாண்டி மேளமும் கரகாட்டமும் இடம்பெறும். இரு நாகசுரம், இரு தவில், பம்பை, தாளம் முதலியவை கொண்ட மேளக்குழு வாசிக்கும்போது வில்லு ஓய்வெடுக்கும். வில்லுப் பாடும்போது மேளம் ஓயும். கூட்டம் எப்பக்கம் நகர்கிறது என்பது இரு குழுக்களின் கவனத்திலும் இருக்கும்.

கதைகள்

வில்லுப்பாட்டுக் கதைகளை இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கலாம். முதலாவது, கயிலாயத்தில் அல்லது தெய்வ அருளால் பிறந்தவர்களின் கதை. சுடலைமாடன் கதை இவ்வகையைச் சேர்ந்தது. இரண்டாவது, மனிதராகப் பிறந்து கொலையாலோ தற்கொலையாலோ அகால மரணம் அடைந்து, பின்னர் தெய்வமாக வழிபடப்படுபவர்களின் கதை. இத்தகையோர் "வெட்டுப்பட்ட வாதைகள்" எனப்படுவர்.

இரண்டாம் வகையில் பலராலும் அறியப்பட்டது முத்துப்பட்டன் கதை. பிராமண குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், தோல் தொழில் செய்யும் சமூகத்தைச் சேர்ந்த பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரியரை மணக்கிறான். அதற்காகத் தன் குலத்தை விட்டு நீங்கி மாமனாரின் தொழிலை ஏற்கிறான். மாடு கவர வந்தவர்களுடன் சண்டையிட்டு இறக்கிறான். மனைவியர் இருவரும் உடன்கட்டை ஏறுகின்றனர். பாபநாசத்திற்கு மேலே காரையாற்றில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயன் என்னும் பெயரில் வழிபடப்படுகிறான். அங்குப் பட்டவராயனுக்குத் தோல் செருப்புகளைக் காணிக்கையாகச் செலுத்தும் வழக்கம் உண்டு.

கதையைத் தேர்ந்தெடுப்பவர் பாடகர் அல்லர். எந்தத் தெய்வத்திற்குக் கொடையோ அந்தத் தெய்வத்தின் கதையே பாடப்பட வேண்டும். குழுவின் திறமை புதிய கதையைச் சொல்வதில் இல்லை; எல்லோரும் அறிந்த கதையை எப்படிச் சொல்கிறது என்பதில் உள்ளது. எழுதப்பட்ட ஏட்டை ஒட்டிப் பாடும் "ஏட்டுப்பாட்டு" முறையும் உண்டு. பல கோயில்களில் தங்கள் தெய்வத்தின் கதை எழுதப்பட்ட ஏட்டையோ கையெழுத்துப் படியையோ பாதுகாத்து வருகின்றனர்.

பருவமும் சுற்றுப்பயணமும்

வில்லிசைக் குழுக்களின் பருவம் ஏறத்தாழ பங்குனியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை நீள்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் கொடைகள் மிகுதி. ஆடியில் அம்மன் கோயில் விழாக்கள் மிகுதி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பயிர் செய்யும் சங்கரன்கோவில், கழுகுமலை, திருவேங்கடம் போன்ற வானம் பார்த்த பகுதிகளில் மாசிக்குள் அறுவடை முடிந்துவிடும். கோடையில் கையில் பணமும் ஓய்வும் இருக்கும் என்பதால் விழாக்கள் அப்பருவத்தில் அமைந்தன. வெளியூரில் வேலை செய்வோர் பள்ளிக் கோடை விடுமுறையில் ஊர் திரும்புவதும் பிற்காலத்தில் இதற்கு வலுச் சேர்த்தது.

பெரும்பாலான ஊர்கள் செவ்வாய், வெள்ளி என்னும் அதே இரு கிழமைகளையே விரும்புவதால் குழுக்களுக்கு ஒரு கடினமான கணக்கு உள்ளது. சித்திரை முதல் ஆடி வரையிலான நான்கு மாதங்களில் சுமார் 18 வாரங்கள் உள்ளன. வாரத்திற்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் முதன்மை நாள்கள் ஏறத்தாழ 36 மட்டுமே. நற்பெயர் பெற்ற குழுவை ஒரே நாளில் பல ஊர்கள் கேட்கும். ஓர் ஊருக்கே செல்ல இயலும். பெயர் பெறாத குழுவிற்கோ பல வாரங்கள் வெறுமையாகக் கழியும். பருவம் முடிந்த பின் வேளாண்மை, கூலி வேலை, தையல், சிறு வணிகம் போன்ற பிற தொழில்களைச் செய்யும் கலைஞர்கள் பலர்.

கொடை நடத்துவதற்கு ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்து தலைக்கட்டு வரி பிரிப்பர். எந்தக் குழுவை அழைப்பது என்பதும் அக்கூட்டத்தில் பேசப்படும். பெரியவர்கள் கதையை முழுமையாகச் சொல்லும் குழுவை விரும்புவதும், இளைஞர்கள் குரலும் விறுவிறுப்பும் உள்ள குழுவை விரும்புவதும் வழக்கம். முடிவு எட்டப்பட்டதும் குழுத் தலைவரைச் சந்தித்து முன்பணம் கொடுத்து நாளை உறுதி செய்வர். இது "அச்சாரம்" எனப்படும். அதன் பின்னர் அச்சிடப்படும் விழா நோட்டீசில் குழுவின் பெயர் இடம்பெறும். சங்கரன்கோவில் போன்ற சந்தை நகரங்களுக்குப் பருத்தி, பூ, காய்கறி விற்கவும் வாங்கவும் வருவோர் வழியாக இச்செய்தி சுற்றியுள்ள சிற்றூர்களுக்குப் பரவும்.

இரசிகர்கள்

வில்லுப்பாட்டின் இரசிகர்கள் வெறும் பார்வையாளர்கள் அல்லர். சிறு வயது முதல் ஆண்டுதோறும் அதே கதையைக் கேட்டு வளர்ந்தவர்களாதலால் பலருக்குக் கதை மனப்பாடமாக இருக்கும். ஒரு பகுதியை அண்ணாவி விட்டுவிட்டால் கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் எழுந்து நினைவூட்டுவது உண்டு. வம்ச வரிசையைத் தவறாகச் சொன்னாலோ, தங்கள் ஊர்ப் பெயரை விட்டுவிட்டாலோ அது குறையாகப் பேசப்படும். அவையடக்கம் பாடும் வழக்கத்தை இச்சூழலில் வைத்துப் பார்த்தால் அதன் தேவை விளங்கும்.

ஒரு குழுவை மதிப்பிட இரசிகர்கள் சில அளவுகோல்களைக் கொண்டுள்ளனர்.

குரல்: இரவு முழுவதும் பாடிய பின்னும் விடியலில் குரல் கட்டாமல் இருக்கிறதா என்பது.

குடம்: பாட்டின் பொருளுக்கு ஏற்ப அடி மாறுகிறதா என்பது. குடம் அடிப்பவருக்கென்றே தனி இரசிகர்கள் உண்டு. ஒரு குழுவிலிருந்து குடக்காரர் வேறு குழுவிற்கு மாறினால் அது பெரும் செய்தியாகும்.

விளக்கம்: பாட்டுக்கு இடையே வரும் உரையில் நகைச்சுவையும் ஊர் நடப்பும் அளவாகக் கலந்திருக்கிறதா என்பது.

அருள்: சாமக்கொடையில் சாமியாடிகளுக்கு அருள் வந்ததா என்பது. இதுவே முடிவான அளவுகோல். குரல் இனிமையாக இருந்தும் அருள் வரவில்லையெனில் அந்த இரவு நிறைவானதாகக் கருதப்படுவதில்லை.

கொடை முடிந்த மறுநாள் தேநீர்க் கடை, கோயில் திண்ணை, பேருந்து நிறுத்தம் ஆகிய இடங்களில் இந்த ஒப்பீடு நடக்கும். சென்ற ஆண்டு வந்த குழுவும் இந்த ஆண்டு வந்த குழுவும், நம் ஊர்க் கொடையும் பக்கத்து ஊர்க் கொடையும் ஒப்பிடப்படும். ஒரு குழு அடுத்த வாரம் எங்கே பாடுகிறது என்று விசாரித்து, இருசக்கர வண்டியிலோ பேருந்திலோ அங்கும் சென்று கேட்கும் தீவிர இரசிகர்களும் உண்டு. அண்ணாவியிடம் தேதி கேட்க வரும் பக்கத்து ஊர்க்காரர்கள் இத்தகைய பேச்சைக் கேட்டே வருகின்றனர்.

பாடிக்கொண்டிருக்கும்போதே இரசிகர்கள் அன்பளிப்பு வழங்குவது மரபு. பணத்தைத் தந்தவரின் பெயரையும் குடும்பத்தையும் அண்ணாவி ஒலிபெருக்கியில் அறிவித்து வாழ்த்துவார். ஒப்பந்தத் தொகையுடன் இவ்வன்பளிப்பும் குழுவின் வருமானத்தில் ஒரு பங்காகும். அடிக்கடி அறிவிப்பதால் கதையோட்டம் தடைப்படுகிறது என்னும் குறையும் இரசிகர்களிடையே உண்டு.

ஒலிப்பதிவுகள்

ஒலிநாடாப் பதிவுக் கருவி சிற்றூர்களுக்கு வந்த பின்னர், இரசிகர்கள் வில்லுப்பாட்டை ஒலிபெருக்கிக்கு அருகில் கருவியை வைத்துப் பதிவு செய்யத் தொடங்கினர். இவற்றைப் படியெடுத்துப் பகிர்ந்துகொண்டனர். வணிக நோக்கில் ஒலிநாடாக்களும் பின்னர் குறுந்தகடுகளும் வெளிவந்தன. வில்லுக் குழுவை அழைக்க வசதியற்ற சிறு கோயில்களில் விழா நாளன்று ஒலிநாடாவை ஒலிக்கவிடுவதும் வழக்கமாயிற்று.

கைப்பேசியும் இணையமும் பரவிய பின் முழு இரவு நிகழ்ச்சிகளும் காணொளிகளாகக் கிடைக்கின்றன. மும்பை, சென்னை, திருப்பூர் போன்ற நகரங்களிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை செய்யும் தென்மாவட்டத்தார் இவற்றின் வழியே தங்கள் ஊர்க் கொடையைக் கேட்கின்றனர். அடுத்த ஆண்டுக்கான குழுவைத் தேர்வு செய்ய ஊர்க்கூட்டத்தில் காணொளியைப் போட்டுக் காட்டுவதும் எளிதாகிவிட்டது.

இவ்வளர்ச்சிக்கு இரு பக்கங்கள் உள்ளன. தொலைவிலுள்ள குழுவும் புதிய குழுவும் விரைவில் அறியப்படுகின்றன. அதே வேளையில், பதிவில் நன்றாகத் தெரிவது குரலும் நகைச்சுவையுமே. பந்தலில் நள்ளிரவில் நிகழும் அருளாட்டத்தையும், அண்ணாவி அதற்கேற்பப் பாட்டை நீட்டிச் சுருக்கும் திறனையும் ஒரு சிறு துண்டுக் காணொளி காட்டுவதில்லை.

மேடை வில்லிசை

கோயிலுக்கு வெளியே வில்லுப்பாட்டைக் கொண்டு சென்றதில் நாகர்கோவிலைச் சேர்ந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908-1957), கொத்தமங்கலம் சுப்பு (1910-1974) ஆகியோருக்குப் பெரும் பங்கு உண்டு. காந்தியின் வாழ்க்கை போன்ற புதிய பொருள்கள் இவர்களால் வில்லிசையில் இடம்பெற்றன. திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சுப்பு ஆறுமுகம் (1928-2022) கலைவாணரின் துணையுடன் சென்னைக்கு வந்து, பல பத்தாண்டுகள் வில்லிசை நிகழ்த்தினார். இவருக்கு 2021 ஆம் ஆண்டு பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. சாத்தூர் பிச்சைக்குட்டியும் மேடை வில்லிசையில் புகழ் பெற்றவர்.

அகில இந்திய வானொலியின் திருநெல்வேலி நிலையம் 1963 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பின் வில்லிசை வானொலி வழியாகவும் பரவியது. குடும்ப நலம், எழுத்தறிவு போன்ற அரசுப் பரப்புரைகளுக்கும், கட்சிப் பரப்புரைகளுக்கும், கிறித்தவ சமயப் பரப்புரைக்கும் இவ்வடிவம் பயன்பட்டது. மேடை வில்லிசை ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தில் முடியும். அருளாட்டம் இதில் இல்லை. கொடை வில்லுப்பாட்டைக் கேட்டுப் பழகியவர்கள் இதனை வேறு ஒரு கலையாகவே கருதுகின்றனர்.

பிற தனியிசைக் குழுக்களுடன் ஒப்பீடு

பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் இயங்கும் ராக் இசைக்குழுக்கள் மேற்கு நாடுகளில் 1980களில் பெருகின. இவை நேரடி நிகழ்ச்சிகளையும் ஊர் ஊரான சுற்றுப்பயணத்தையும் நம்பி வாழ்பவை. இதற்கு முன்னோடியாக ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1965 ஆம் ஆண்டு தோன்றி 1995 வரை இயங்கிய "கிரேட்ஃபுல் டெட்" குழுவைக் குறிப்பிடலாம். அக்குழு இரசிகர்கள் தன் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய இசைவளித்தது. 1984 முதல் பதிவு செய்வோருக்கு அரங்கில் தனி இடமும் ஒதுக்கியது. இரசிகர்கள் ஒலிநாடாக்களைப் பரிமாறி, எந்த ஊரில் எந்த நாளில் பாடியது சிறந்தது என விவாதித்தனர். ஒரே பாட்டு ஒவ்வோர் இரவும் மாறுபட்டதே இவ்விவாதத்திற்கு அடிப்படை. வில்லுப்பாட்டு இரசிகர்களின் ஒப்பீட்டுப் பழக்கமும் இதே காரணத்தால் எழுந்தது.

தமிழ்நாட்டில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழு தன் முதல் நிகழ்ச்சியை 2018 சனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் நடத்தியது. கானா, பறை, ராக், ராப் ஆகியவற்றை இணைத்த இக்குழு, திரைப்படப் பாடல்களுக்கு வெளியே தமிழில் பெரும் கூட்டத்தைத் திரட்ட முடியும் என்பதைக் காட்டியது.

இவற்றுக்கும் வில்லிசைக் குழுவிற்கும் வேறுபாடுகள் உள்ளன. தனியிசைக் குழு தன் பாடல்களைத் தானே இயற்றித் தேர்ந்தெடுக்கிறது. வில்லிசைக் குழுவிற்குக் கதையைத் தெய்வமும் ஊரும் தருகின்றன. முன்னதன் நிகழ்ச்சிக்குப் பெரும்பாலும் நுழைவுச்சீட்டு உண்டு. பின்னதற்கு ஊரே வரி கொடுத்து எல்லோரும் இலவசமாகக் கேட்கின்றனர். முன்னதன் சுற்றுப்பயணம் பெரும்பாலும் நகரங்களை இணைக்கிறது. பின்னது சில நூறு வீடுகளே உள்ள ஊர்களுக்கும் செல்கிறது.

எதிர்கொள்ளும் சிக்கல்கள்

நேர வரையறை: இந்திய அரசின் ஒலி மாசு (ஒழுங்குபடுத்தலும் கட்டுப்பாடும்) விதிகள், 2000, திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் இரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். உச்ச நீதிமன்றம் 2005 ஆம் ஆண்டு இவ்விதிகளை உறுதி செய்தது. முதியோர், நோயாளிகள், மாணவர் ஆகியோரின் உறக்கத்தைக் காப்பது இவற்றின் நோக்கம். ஆனால் கதையின் உச்சமும் சாமக்கொடையும் நள்ளிரவில் அமைவதால் வில்லுப்பாட்டு நேரடியாகப் பாதிக்கப்படுகிறது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஊர் முழுவதும் பந்தலைச் சுற்றி அமர்ந்து கேட்டது. ஒலிபெருக்கிக்குப் பழகிய பின் அதனை நிறுத்தினால் பின்வரிசையில் இருப்போருக்குக் கதை கேட்பதில்லை. கதையைச் சுருக்கி முன்னதாகவே முடிப்பது, ஒலியைக் குறைத்துத் தொடர்வது என ஊருக்கு ஊர் வெவ்வேறு வழிகள் பின்பற்றப்படுகின்றன.

போட்டி: திரைப்பாடல்களைப் பாடும் மெல்லிசைக் குழுக்களும் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளும் கொடை விழாக்களில் இடம்பெறுகின்றன. சில ஊர்களில் வில்லுப்பாட்டு உச்சிக்கொடை நேரத்திற்கு மட்டும் எனச் சுருங்கியுள்ளது. கூட்டத்தைத் தக்கவைக்கத் திரைப்பாடல் மெட்டுகளை வில்லுப்பாட்டுக் குழுக்களே சேர்த்துக்கொள்வதும் உண்டு. இதனை விரும்புவோரும் கண்டிப்போரும் இரசிகர்களுள் இருக்கின்றனர்.

பெருந்தொற்று: 2020 மார்ச்சு 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது அது பங்குனி மாதம், அதாவது பருவத்தின் தொடக்கம். அவ்வாண்டுக் கொடைகள் நடைபெறவில்லை. 2021 ஏப்ரலில் தமிழ்நாட்டில் திருவிழாக்களுக்கு மீண்டும் தடை வந்தது. ஆண்டு வருமானம் முழுவதையும் சில மாதங்களில் ஈட்டும் குழுக்கள் தொடர்ந்து இரு பருவங்களை இழந்தன. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தோருக்கு அரசு நிவாரணத் தொகை வழங்கியது. பதிவு செய்யாதோருக்கு அவ்வுதவி எட்டவில்லை. விழாக்கள் மீண்டும் தொடங்கியபோது சில குழுக்கள் பழைய வலம்பாடி, இடம்பாடிகள் இன்றிப் புதியவர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது.

பயிற்சி: வில்லுப்பாட்டு குருவிடம் இருந்தும் குடும்பத்தில் மூத்தோரிடம் இருந்தும் கற்கப்படுகிறது. சிறுவர்கள் தாளம் போடுவதில் தொடங்கி, கட்டை, குடம் எனப் படிப்படியாக முன்னேறுவர். அண்ணாவியாக அமர்வதற்குப் பல கதைகளை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். குறைந்த வருமானமும் நிலையற்ற வேலையும் இளையோரைத் தயங்கச் செய்கின்றன. ஓர் அண்ணாவி மறைந்தால் அவர் மட்டுமே அறிந்திருந்த கதைப் பகுதிகளும் அவருடன் மறைகின்றன.

ஆய்வுகள்

பேராசிரியர் நா. வானமாமலை முத்துப்பட்டன் கதை உள்ளிட்ட கதைப்பாடல்களைத் தொகுத்துப் பதிப்பித்தார். தி. சி. கோமதிநாயகம் வில்லுப்பாட்டுகள் குறித்து விரிவாக ஆராய்ந்தார். அ. கா. பெருமாள் குமரி மாவட்டக் கலைஞர்களையும் கதைகளையும் ஆவணப்படுத்தியுள்ளார். அமெரிக்க ஆய்வாளர் இசுடூவர்ட்டு பிளாக்பர்ன் கொடை விழாக்களில் கள ஆய்வு செய்து எழுதிய ஆங்கில நூல் 1988 இல் வெளிவந்தது. பிறப்புக் கதை, இறப்புக் கதை என்னும் பகுப்பையும், இறப்புக் கதை பாடப்படும் வேளையில் அருளாட்டம் ஆழம் பெறுவதையும் அந்நூல் விளக்குகிறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும் தென்மாவட்டக் கலைகள் குறித்த ஆய்வுகளில் ஈடுபட்டுள்ளது.

இவ்வாய்வுகளில் பெரும்பாலானவை கதையையும் பாடகரையும் முதன்மைப்படுத்துகின்றன. கேட்போர் கொண்டுள்ள அளவுகோல்கள், அவர்கள் சேர்த்து வைத்துள்ள ஒலிநாடாக்கள், பழைய விழா நோட்டீசுகள் ஆகியவையும் இக்கலையின் வரலாற்றுக்கு உரிய ஆவணங்களே. ஒலிநாடாக்கள் காலப்போக்கில் பூஞ்சை பிடித்தும் காந்தத் தன்மை இழந்தும் அழியக் கூடியவை. அவற்றை எண்ணிம வடிவத்திற்கு மாற்றிச் சேமித்தால், மறைந்த அண்ணாவிகளின் பாடல் முறைகளையும் ஒரே கதை ஊருக்கு ஊர் மாறுபட்ட விதத்தையும் பிற்காலத்தவர் ஒப்பிட்டு அறிய இயலும்.

இவற்றையும் பார்க்க

கொடை விழா
நையாண்டி மேளம்
கணியான் கூத்து
கரகாட்டம்
முத்துப்பட்டன் கதை
சுடலைமாடன்